மோட்டார் சைக்கிளில் ஒரு வழிகாட்டி: தெரிந்தெடுத்தலும் பொருத்துதலும்



ஒரு காலத்தில் நம் இல்லங்களின் திண்ணையோரம் மிதிவண்டி சாய்ந்து நின்ற இடத்தில் இன்று மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. வழி தெரியாதவர் அன்று தேநீர்க் கடையில் இறங்கி விசாரிப்பார். "நேரே போய், ஆலமரத்தடியில் இடப்பக்கம் திரும்புங்கள்" என்ற விடையோடு புறப்படுவார். இன்றோ வண்டியின் கைப்பிடியில் பொருத்திய சிறு கண்ணாடித் திரை அந்த வேலையைச் செய்கின்றது. அதனை ஜி.பி.எஸ். என்று நம் பிள்ளைகள் அழைக்கின்றனர். இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது, எதனைத் தெரிந்தெடுப்பது, வண்டியில் எங்கே பொருத்துவது என்பவற்றை இம்மாதம் ஆராய்வோம். இது வசதியைப் பற்றிய செய்தி மட்டுமன்று. வண்டியோட்டுபவரின் உயிரைப் பற்றிய செய்தியுமாகும். ஆகவே பிள்ளைகள் மட்டுமன்றிப் பெற்றோரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

கருவி இடத்தை அறிவது எவ்வாறு?

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை படைகளுக்கென உருவாக்கிய அமைப்பு. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருபத்து நான்குக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "இப்போது மணி இவ்வளவு, நான் இருக்கும் இடம் இது" என்று அவை ஓயாது அறிவித்துக்கொண்டேயிருக்கும். அவ்வறிவிப்பு வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து நம் கருவி தொலைவைக் கணக்கிடுகின்றது. நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி கிடைத்தால் தன் இடத்தை அது அறிந்துகொள்ளும். ஒளி ஒரு வினாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லுமாதலால், கடிகாரத்தில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் கணக்கு 300 மீட்டர் பிசகிவிடும். அத்துணை நுட்பமான வேலை இது.

1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறிச் சோவியத் வான்வெளியில் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் பின்னரே, இவ்வமைப்பு பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் அளிக்கப்படும் என அமெரிக்க அரசு அறிவித்தது. 1995இல் அது முழுமை பெற்றது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குரிய அலைகளில் வேண்டுமென்றே பிழை புகுத்தப்பட்டிருந்தது. அது நீக்கப்பட்ட பின்னரே சாலைப் பயணத்துக்கு ஏற்ற துல்லியம் கிடைத்தது. இன்று திறந்த வெளியில் ஒரு சாதாரணக் கைப்பேசி ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை சரியாக இடம் காட்டும். நம் நாடும் 2013 ஜூலை 1 முதல் தன் செயற்கைக்கோள்களை ஏவி, 'நாவிக்' என்ற அமைப்பை நிறுவியுள்ளது. இரஷியா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. பல நாட்டுச் செயற்கைக்கோள்களின் அலைகளையும் ஏற்கும் கருவியே சிறந்தது. கடையில் இதனைக் கேட்டு வாங்குங்கள்.

பெற்றோர் பலர் மயங்கும் செய்தி ஒன்று உண்டு. இக்கருவி செயற்கைக்கோளின் குரலைக் கேட்குமேயன்றி, அதனிடம் பேசாது. ஆகவே கருவி வாங்கிக் கொடுத்துவிட்டதாலேயே மகன் எங்கிருக்கின்றான் என்று வீட்டில் தெரிந்துவிடாது. கைப்பேசி வலையின் வழியாக அவன் தன் இடத்தைப் பகிர்ந்தால்தான் தெரியும். செயற்கைக்கோள் வழியாகவே செய்தி அனுப்பும் கருவிகளும் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. உரிமமின்றி அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது சட்ட விரோதமாகும். வெளிநாட்டில் வாழும் உறவினர் அன்போடு அனுப்பினாலும் ஏற்காதிருப்பதே அறிவுடைமை.

எதைத் தெரிந்தெடுப்பது?

நம் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, கையிலுள்ள கைப்பேசியையே பொருத்திக்கொள்வது. மற்றொன்று, கார்மின், டாம்டாம் முதலிய நிறுவனங்கள் மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யும் தனிக் கருவியை வாங்குவது.

தனிக் கருவி வெயிலிலும் தெளிவாகத் தெரியும். கையுறையோடு தொட்டாலும் இயங்கும். மழைக்கும் அதிர்வுக்கும் தாங்கும். அதன் வரைபடம் கருவியிலேயே இருப்பதால் கைப்பேசி அலை கிடைக்காத மலைச் சாலையிலும் வழி காட்டும். ஆயினும் அதன் விலை ஒரு நல்ல கைப்பேசியின் விலையை எட்டும். மேலும், நம் ஊர்ப்புறத்துச் சாலைகள் அதன் வரைபடத்தில் உள்ளனவா, புதுப்பிப்பு இலவசமாகக் கிடைக்குமா என்பவற்றை வாங்குமுன் உறுதி செய்தல் வேண்டும். ஆண்டுதோறும் நெடும்பயணம் மேற்கொள்வோருக்கு இது தகும்.

அலுவலகத்துக்கும் கடைக்கும் சென்று, திங்கள்தோறும் ஒரு முறை உறவினர் ஊருக்குப் போய் வருவோருக்குக் கைப்பேசியே போதும். கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் இந்தியாவில் இருசக்கர வாகனத்துக்கெனத் தனி வழிமுறையைத் தொடங்கியது. நம் நாட்டு நிறுவனத்தின் மேப்பிள்ஸ் வரைபடமும் உண்டு. புறப்படுமுன் மாவட்டத்தின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், அலை இல்லாத இடத்திலும் தடையிராது.

கைப்பேசிக்குப் பகைவர் மூவர். முதலாவது வெயில். சுற்றுப்புற வெப்பம் 35 பாகைக்குள் இருக்கும்போதே தன் கைப்பேசியைப் பயன்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனம் கூறுகின்றது. மதுரையின் சித்திரை வெயிலோ 40 பாகையை எட்டுகின்றது. நேர் வெயிலில் மின்னேற்றமும் நடந்தால் கருவி சூடேறித் தானே அணைந்துவிடும். இரண்டாவது மழை. 'ஐ.பி. 67' என்ற குறி, தூசு புகாது என்பதையும், ஒரு மீட்டர் ஆழ நீரில் முப்பது நிமிடம் தாங்கும் என்பதையும் குறிக்கும். ஆனால் மின்னேற்றும் ஒயர் செருகிய துளை நனைந்தால் இந்தக் குறி காப்பாற்றாது. மூன்றாவது அதிர்வு. சக்தி மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு கைப்பேசியின் புகைப்படக் கருவியைப் பழுதாக்கக்கூடும் என்று 2021 செப்டம்பரில் அதே நிறுவனம் எச்சரித்தது. ஆதலின் இரப்பர் அதிர்வுதாங்கி உள்ள தாங்கியையே வாங்குக. வீட்டில் பழைய கைப்பேசி இருப்பின் அதனை இப்பணிக்கு ஒதுக்குவது இன்னும் நன்று.

எங்கே, எவ்வாறு பொருத்துவது?

கருவி உயர்ந்ததாயிருந்தும் தாங்கும் பொருள் தளர்ந்ததாயின் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் தம் பெரிய தியோடலைட்டு அளவைக் கருவியை ஏற்றுவித்தார். அரை டன் எடையுள்ள அக்கருவி, கயிறு அறுந்து சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் பல வாரங்கள் அமர்ந்து அதனைச் செப்பனிட நேர்ந்தது. பழுது கருவியினுடையது அன்று; கயிற்றினுடையது. நம் வண்டியில் அந்தக் கயிற்றின் இடத்தில் இருப்பது தாங்கியாகும். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கைப்பேசி வாங்கியவர் தாங்கியில் மட்டும் சிக்கனம் பார்ப்பது பொருந்தாது.

பொருத்துமிடங்கள் இரண்டு. கைப்பிடித் தண்டின் நடுப்பகுதி ஒன்று. பக்கக் கண்ணாடியின் தண்டு மற்றொன்று. நம் வண்டிகள் பலவற்றின் கைப்பிடித் தண்டு 22 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. கிளாம்பு அதற்குச் சரியாக அமைய வேண்டும். தளர்வாயிருப்பின் பழைய டியூபின் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்குக. கண்ணாடித் தண்டில் பொருத்துவது எளிதாயினும், அங்கே அதிர்வு மிகுதி. கண்ணாடியின் கோணமும் மாறாதிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பொருத்தியபின் செய்ய வேண்டிய சோதனைகள் இவை. கைப்பிடியை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்பிப் பாருங்கள். கருவி பெட்ரோல் டாங்கியிலோ முழங்காலிலோ இடிக்கலாகாது. கிளச், பிரேக், ஆக்ஸிலேட்டர் கேபிள்கள் எங்கும் இழுபடலாகாது. வேகமானியும் எச்சரிக்கை விளக்குகளும் மறைபடலாகாது. திரை, சாலையைப் பார்க்கும் கண் சற்றே தாழ்ந்தால் தெரியும் உயரத்தில் இருக்க வேண்டும். டாங்கியின் மேல் வைக்கும் பைக்குள் இருந்தால் தலையையே குனிய வேண்டிவரும். பிறகு வண்டியை மேடுபள்ளமான தெருவில் மெதுவாக ஓட்டி வந்து, நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். காந்தத்தால் மட்டும் ஒட்டி நிற்கும் தாங்கிகளை இருசக்கர வண்டிக்கு நம்ப வேண்டாம்.

மின்னேற்றும் இணைப்பைப் பட்டறையில் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நலம். ஆயினும் இரண்டைக் கேட்டு உறுதி செய்யுங்கள். ஃபியூஸ் வைத்துள்ளாரா? சாவியை அணைத்தால் மின்சாரமும் நிற்கின்றதா? 10 வாட் மின்னேற்றி வண்டியின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ ஒரு ஆம்பியர் இழுக்கும். சிறிய வண்டிகளின் பேட்டரி நான்கு ஆம்பியர்-மணி அளவினதாயின், வண்டி நின்ற நிலையில் நான்கு மணி நேரத்தில் அது வறண்டுவிடும்.

நம் சாலைகளில் கருவியின் எல்லை

மதுரை நகரின் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாய் அமைந்தவை. அவற்றினிடையேயுள்ள சந்துகளில் கட்டடங்களில் பட்டுத் தெறிக்கும் அலைகளால் கருவி அடுத்த தெருவைக் காட்டக்கூடும். 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட நத்தம் சாலை மேம்பாலம் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. நாம் பாலத்தின் மேலே செல்கின்றோமா, கீழே செல்கின்றோமா என்பதைக் கருவி எளிதில் பிரித்தறியாது. ஒருவழிப் பாதையும், சித்திரைத் திருவிழாவில் காவல் துறையினர் மாற்றிவிடும் வழியும் அதற்கு உடனே தெரியா. காவலரின் கையே அங்கு வழிகாட்டி.

நகரை விட்டு வெளியேறினால் வேறு வகை இடர்கள். திருமங்கலத்துக்கு அப்பாலுள்ள கரிசல் நிலத்தில் மழை பெய்தபின், கருவி குறுக்கு வழியெனக் காட்டும் மண்பாதையில் சக்கரம் புதைந்துவிடும். சிவகங்கைச் சீமையிலோ கண்மாய்க் கரைகளும் வரைபடத்தில் சாலைபோல் தோன்றும். சான்றாக, மதுரையிலிருந்து ஓரியூருக்குக் குடும்பத்தோடு செல்வோர் சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை என்று நெடுஞ்சாலையிலுள்ள ஊர்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளலாம். அவ்வாறு செய்தால் கருவி மிகக் குறுகிய வழியைத் தேடி வயற்காட்டுக்குள் இழுத்துச் செல்லாது. புதுப்பட்டி போன்ற பெயர் பல ஊர்களுக்கு உண்டு. மாவட்டத்தையும் அஞ்சல் குறியீட்டையும் ஒப்பிட்ட பிறகே புறப்படுங்கள்.

கண் எங்கே இருக்கின்றது?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். திரையை மூன்று வினாடி பார்ப்பவர் ஐம்பது மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவராகின்றார். அந்த ஐம்பது மீட்டருக்குள் ஓர் ஆடு குறுக்கிடலாம். ஒரு குழந்தை ஓடிவரலாம். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தமும், வண்டியோட்டும்போது கைப்பேசியை வழி அறிவதற்கு மட்டுமே, அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று கூறுகின்றது.

ஆகவே சேரிடத்தைப் புறப்படுமுன் வீட்டு வாசலிலேயே பதிவு செய்க. வழியை ஒருமுறை முழுதும் பார்த்து, திரும்ப வேண்டிய ஊர்களை மனத்தில் இருத்துக. இடையில் மாற்ற வேண்டுமாயின் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, அதன்பின் திரையைத் தொடுக. அழைப்புகளும் செய்திகளும் திரையில் தோன்றாதவாறு அடைத்து வைக்க. திருப்பத்தைத் தவறவிட்டால் பதறி நடுச்சாலையில் திரும்ப வேண்டாம். கருவி அடுத்த வழியைத் தானே சொல்லும்.

இறுதியாக, வீட்டிலிருப்போருக்கும் ஒரு கடமை உண்டு. வண்டியில் பொருத்திய கைப்பேசி நாம் அழைக்கும்போதெல்லாம் ஓட்டுபவரின் கண்முன் ஒளிரும். "எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?" என்று அன்பினால் கேட்கும் அழைப்பே அவர் கண்ணைச் சாலையிலிருந்து பறித்துவிடக்கூடும். வழியில் இரண்டு இடங்களில் நின்று தாமே பேச வேண்டும் என்று பிள்ளைகளோடு முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ளுங்கள், அதுவரை பொறுத்திருங்கள். தலைக்கவசம் அணிந்தானா என்று கேட்பதுபோல், சேரிடத்தைப் பதிவு செய்துவிட்டானா என்பதையும் புறப்படுமுன்னரே வாசலில் கேட்டுவிடுங்கள்.