வடைமாலையா, பஸ் கட்டணமா?

நாஞ்சில் நாட்டில் தனியே வாழும் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டால், "முன்ஜென்ம வினை" என்று சொல்லப் பத்துப் பேர் வருகிறார்கள். கஞ்சி வைத்துக் கொடுக்க ஒருவரைக் காணோம். தொட்டால் ஒட்டும் வியாதியா இது? இல்லையே! பின் ஏன் விலகல் என்று கேட்கிறோம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், விதியென்று அழுதுகொண்டிராமல் 1954-ல் அடையாறில் ஆஸ்பத்திரியே ஏற்படுத்தினார். நாம் கேட்பது அதில் ஒரு துளிதான்.

தோழர்களே! "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பது வெறும் உபசாரம். முறைபோட்டுக் கொள்ளுங்கள்: ஒருவர் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குத் துணை, ஒருவர் கஞ்சி, ஒருவர் இராக்காவல். மருந்து ஏற்றிய நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விபூதியல்ல, உடனே டாக்டர்! சுசீந்திரத்துக்கு வடைமாலை நேரும் பணம் அவருடைய பஸ் கட்டணத்துக்கு ஆகட்டும்.