“சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாரும்மா!” - பழைய கார் தேடிய ஒரு குரோம்பேட்டைக் குடும்பத்தின் கதை

பாட்டிக்கு வாரம் 2 நாள் டயாலிசிஸ். குரோம்பேட்டை நியூ காலனியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போக ஓர் ஆட்டோ, வர ஓர் ஆட்டோ. போகும்போது பாட்டி ஆட்டோக்காரரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே போவார். 4 மணி நேரம் கழித்து வெளியே வரும்போது பேச்சே இருக்காது. நிற்கத் தெம்பும் இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் ஜி.எஸ்.டி ரோட்டில் ஆட்டோ கிடைக்காது.

ஒரு மழை நாளில் ஆப்பில் புக் செய்த 3 ஆட்டோக்கள் அடுத்தடுத்து கேன்சல். பாட்டி வீல்சேரில், குடைக்குக் கீழே 40 நிமிடம் உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார்: “ஒரு பழைய கார் பாத்துடலாம்.”

பட்ஜெட் 3 லட்சம் ரூபாய். அப்பா ரிட்டையர் ஆனபோது வந்த பணத்தில் போட்டுவைத்த டெபாசிட்டை உடைக்க வேண்டும். அந்தப் பணம் தப்பான வண்டியில் போனால், திரும்பச் சேர்க்க அப்பாவுக்கு இன்னொரு வேலைக்காலம் கிடையாது. வீட்டில் லைசென்ஸ் இருப்பது எனக்கும் தம்பிக்கும் மட்டும். காரைப் பற்றித் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை.

தம்பியின் கூபே கனவு

“அக்கா, கூபே பாக்கலாம்க்கா. ரெண்டே கதவு, பின்பக்கம் சரிஞ்சு வரும், செமயா இருக்கும்” என்றான் தம்பி. காலேஜ் மூன்றாம் வருடம் படிக்கிறான், வேறென்ன சொல்வான்?

நம்மூரில் விலை குறைந்த 2 கதவு கார் என்பது கிட்டத்தட்ட இல்லாத சமாசாரம். 2024-ல் வந்த டாடா கர்வ், சிட்ரோன் பஸால்ட் எல்லாம் ‘கூபே எஸ்.யூ.வி’ என்று விற்கப்படுகின்றன. அவற்றில் கூரைதான் கூபே மாதிரி சரிகிறது, பயணிகளுக்குக் கதவு 4. விலையும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காது.

“ஏன் இல்ல? நம்ம வண்டலூர் பக்கமே செஞ்சாங்களே, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு!” என்றார் அப்பா. உண்மைதான். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, 1960-களில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் இங்கே தயாரானது. முதலில் 2 கதவுடன்தான் வந்தது. பிற்பாடு 4 கதவு வைத்தார்கள்.

ஏன் கூடுதலாகக் கதவு வைத்திருப்பார்கள் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே பதில் கிடைத்தது. “முன் சீட்டை மடக்கிட்டு நான் எப்படிடா பின்னாடி நுழையறது?” என்றார் பாட்டி. கூபே ஃபைல் அங்கேயே மூடப்பட்டது.

முதல் பாடமும் அதுதான். காரில் அதிகம் உட்காரப்போகிறவரை ஒரு தடவை கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, சீட் முழங்கால் உயரத்தில் இருக்கிறதா என்பதையெல்லாம் எந்த விளம்பரமும் சொல்லாது.

டீ டம்ளர் கறை மாதிரி ஒரு கோடு

முதல் கார், வேளச்சேரி - தாம்பரம் சாலையில் ஒரு விற்பனையாளரிடம். 2017 மாடல் சின்ன கார், 38,000 கிலோமீட்டர், 2.75 லட்சம். கண்ணாடி மாதிரி பளபளப்பு. உள்ளே கும்மென்று மல்லிகை வாசனை. அப்பாவுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்க சட்டைப் பாக்கெட்டில் கைவிட்டுவிட்டார்.

எங்கள் ஸ்கூட்டரையும் பக்கத்துத் தெருக்காரர்களின் கார்களையும் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப்போயிருந்தோம். “கொஞ்சம் இருங்க சார்” என்றவர், என்னிடம் திரும்பினார். “சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாரும்மா. வழக்கமா இழுக்குற அளவு இல்ல, கடைசி வரைக்கும்.”

இழுத்தேன். கடைசி ஓரடியில், டீ டம்ளருக்குள் காய்ந்த கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே பெல்ட்டின் நிறமே வேறு.

அண்ணன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினார். அந்தக் குழியின் மூலையில் வண்டல் மண். முன்சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு. “ஜன்னலைத் திறந்துவெச்சு நின்னிருக்கும் சார், மழை அடிச்சிருக்கும்” என்றார் விற்பனையாளர். “ஜன்னல் வழியா வந்த மழை ஸ்டெப்னி குழிக்குள்ள மண்ணு கொண்டுவராதுண்ணே” என்றார் அண்ணன். அப்பாவின் கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது, வெறுங்கையாக.

நம் ஏரியாவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

பழைய கார் என்றதும் எல்லோரும் கேட்பது, “எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?” தென்சென்னைப் புறநகரில் அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: “டிசம்பர்ல இந்த வண்டி எங்கே நின்னுச்சு?”

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் கார்கள் தண்ணீரில் அடித்துச்செல்லப்பட்ட வீடியோ நாடு முழுக்கப் பரவியது. பட்ட அனுபவத்தில்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாக கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அப்படித் தப்பிக்காத கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, சீட் மாற்றி, சென்ட் அடித்து, சில வண்டிகள் மறுபடி சந்தைக்கு வருகின்றன.

தண்ணியில் நின்ற வண்டியில் என்ன ஆபத்து? காரில் வயரிங் இணைப்புகள் ஏராளம். ஈரம் புகுந்தால் அவை உடனே சாகாது. மெல்ல மெல்ல அரிக்கும். இன்று ஸ்டார்ட் ஆகும் வண்டி, 6 மாதம் கழித்து நடுரோட்டில் நிற்கலாம். ஏர்பேக் சென்சார் வேலை செய்கிறதா என்பது விபத்து நடந்தால்தான் தெரியும். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் சாவியைத் திருகியிருந்தால், கனெக்டிங் ராடே வளைந்திருக்கலாம். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பலவற்றில் அந்தச் செலவு கிடைக்காது. அதற்கென ‘இன்ஜின் புரொட்டெக்ட்’ என்று தனியாக எடுக்க வேண்டும்.

அண்ணன் சொல்லிக்கொடுத்த செக்லிஸ்ட்

* இன்ஜின் சூடாக இல்லாதபோது போங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்துவைத்திருக்கிறார்கள். காலை நேரத்தில் முதல் ஸ்டார்ட்டில்தான் இன்ஜினின் நிஜக் குரல் கேட்கும்.

* சைலன்ஸர் புகையைக் கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை என்றால், கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

* ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர் மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீரோ, கூலன்ட்டோ கலந்திருக்கலாம்.

* டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. 15,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் நான்கு டயரும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால், மீட்டரை நம்பாதீர்கள்.

* கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் விலக்கினால் வெல்டிங் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். ஒரு பக்கம் ஒழுங்காகவும் மறுபக்கம் கோணலாகவும் இருந்தால், அந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறது. பானட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் போட்ட தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

* ஓட்டிப் பார்க்கும்போது பாட்டு, ஏ.சி இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஸ்பீடு பிரேக்கரில் சத்தம் வருகிறதா, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா, பாலம் ஏறும்போது இன்ஜின் கத்தியும் வேகம் ஏறவில்லையா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது, கிளட்ச் தேய்ந்ததற்கு அடையாளம்.

பேப்பரில் மாட்டிய இரண்டாவது கார்

பல்லாவரத்தில் பார்த்த இரண்டாவது காரில் இன்ஜின் அருமை. பெல்ட்டிலும் கறை இல்லை. ஆனால் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டதும், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. “லோன் முடிஞ்சுது, பேப்பர் மட்டும் வரணும்” என்றார் உரிமையாளர். கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி-யும் படிவம் 35-ம் கையில் வரும்வரை அந்த வண்டியை வாங்குவதாக இல்லை என்று திரும்பிவிட்டோம்.

அந்த ஆப்பிலேயே வண்டி பதிவான தேதி, இப்போது இருப்பவர் எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும். ஆர்.சி-யில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் பொறித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய், பரிசோதனையும் உண்டு. 13, 14 வயது வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்வதற்கு முன்னால் இதையும் கணக்கில் சேருங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. இதை விற்பவர்களும் கவனிக்க வேண்டும். வண்டியைக் கொடுத்துவிட்டோம் என்று சும்மா இருந்தால், விபத்து நடந்தால் ஆர்.சி-யில் பெயர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்குபவர் 14 நாள்களுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். நமக்கு வராது.

எந்த வருடத்து வண்டி?

2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ ஆகிய 5 கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ஜியம் நட்சத்திரம். அதன் பிறகு விதிகள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகின. 2019 ஏப்ரலிலிருந்து விற்பனையில் இருந்த எல்லா கார்களுக்கும் ஏ.பி.எஸ் பிரேக், அதே வருடம் ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். முன்னால் பக்கத்தில் உட்காருபவருக்கான ஏர்பேக், எல்லா மாடல்களுக்கும் கட்டாயமானது 2021 டிசம்பர் கடைசியில்தான்.

அதனால் “2019 ஜூலைக்கு முந்தைய வண்டி வேண்டாம்” என்று நான் பிடிவாதமாக நின்றேன். 30, 40 ஆயிரம் ரூபாய் கூடுதலாக ஆகும் என்றார் அப்பா. பேரம் பேசி ஈடுகட்டலாம் என்றேன். பேரத்துக்கு ஒரு பிடியும் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. புது வண்டி விலை இறங்கும்போது, பழைய வண்டிக்கு மட்டும் பழைய விலை கேட்பது நியாயமில்லையே!

கீறல் பொய் சொல்லாது

மூன்றாவது கார், அஸ்தினாபுரத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியருடையது. 2019 செப்டம்பர் பதிவு, ஒரே உரிமையாளர். பின் பம்பரில் நீளமாக ஒரு கீறல், இடது கதவில் ஒரு சின்னப் பள்ளம். தம்பி முகம் சுளித்தான். அண்ணனுக்கோ முகம் மலர்ந்தது. “இதை பெயின்ட் அடிச்சு மறைக்கலை பாருங்க. கீறல் பொய் சொல்லாது.”

நான் பெல்ட்டை முழுசாக இழுத்தேன். கடைசி நூல் வரைக்கும் ஒரே நிறம். பிறகு எங்கள் கேள்வியைக் கேட்டேன். “சார், மிக்ஜாம் அப்போ வண்டி எங்கே நின்னுச்சு?”

“முன்னாடி நாளே மேம்பாலத்துல கொண்டுபோய் விட்டுட்டேன்மா. வீட்டுக்காரம்மா திட்டினாங்க, ‘மனுஷங்களை விட்டுட்டு காருக்கு ஓடுறீங்களே’ன்னு” என்று சிரித்தவர், உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் தேதிவாரியாக. ஆசிரியர் அல்லவா!

2.85 லட்சம் கேட்டார். 2.65-க்கு முடிந்தது. மிச்ச 35,000 ரூபாயை பேட்டரி, 2 டயர், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் என்று ஒதுக்கினோம். பட்ஜெட் முழுவதையும் வண்டி விலைக்கே கொட்டிவிடாமல், பத்தில் ஒரு பங்கையாவது கையில் வைத்துக்கொள்ளச் சொன்னவரும் அண்ணன்தான்.

ஒரு குறை உண்டு. முன்னால் பக்கத்துச் சீட்டுக்கு ஏர்பேக் இல்லை. அதனால் பாட்டிக்கு இடம் பின்சீட்டில், இடது பக்கம், பெல்ட் போட்டு. முதல் நாள் டயாலிசிஸ் முடிந்து வந்தவர், கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். நான் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். ஆட்டோ தேடவில்லை, யாரும் கேன்சல் செய்யவில்லை. எம்.ஐ.டி மேம்பாலம் வருவதற்குள் பாட்டி தூங்கிவிட்டார்.