ஊடகப் படிப்பு: பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் எங்கள் நிலைப்பாடு

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்களும் ஆலைகளில் வேலை பார்க்கும் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் கல்வி வழிகாட்டுக் குழு நாங்கள். ஒவ்வோர் ஆண்டும் சில பிள்ளைகள் விஸ்காம் எனும் காட்சித் தொடர்பியல் அல்லது இதழியல் படிக்க ஆசைப்பட்டு வருகிறார்கள். வீட்டிலோ, டிப்ளமோ முடித்தால் ஏதாவது கம்பெனியில் நுழைந்துவிடலாமே என்கிறார்கள். இரு தரப்பும் எங்களிடம் கேட்பதால் எங்கள் முடிவைப் பொதுவில் வைக்கிறோம். ஊடகத் தொழிலுக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும். அதற்காகக் கடன் வாங்கி மூன்றாண்டு விஸ்காம் படிக்க வேண்டியதில்லை.

ஏன் போக வேண்டும்? 2021 டிசம்பரில் நம் வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150 பேருக்கும் மேல் விடுதி உணவு ஒத்துக்கொள்ளாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. உடன் தங்கியிருந்தவர்கள் பதறிப்போய்ச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். உண்மையில் யாரும் இறக்கவில்லை. எந்த விடுதியில் யார் பொறுப்பாளர், எந்த மருத்துவமனையில் யாரைக் கேட்டால் பதில் கிடைக்கும் என்று தெரிந்த உள்ளூர் நிருபர்கள் நாலு பேர் இருந்தால், அப்படிப்பட்ட இரவில் வதந்தி அவ்வளவு தூரம் ஓடாது என்பது எங்கள் நம்பிக்கை.

2024-இல் இதே வட்டாரத்துச் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. ஊதியக் கோரிக்கையும் இருந்தது. ஆனால் முடிச்சு விழுந்த இடம் சங்கப் பதிவு. அப்போது நடப்பிலிருந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவுக்கு 7 பேர் விண்ணப்பித்தால் போதுமாக இருந்தது. தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டியிருந்தது. இதைத் தெரிந்த நிருபர், பதிவு ஏன் தள்ளிப்போகிறது என்று அதிகாரியிடம் நேராகக் கேட்பார். தெரியாதவர் இரு தரப்பு அறிக்கைகளையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான். டிரெய்னி யார், கான்ட்ராக்ட் யார், பர்மனன்ட் யார் என்பது இங்கே சோற்றுத் தட்டைச் சுற்றிப் பேசப்படும் விஷயம். அப்பா ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அப்படியானால் விஸ்காம் பட்டத்தை ஏன் வேண்டாம் என்கிறோம்? கேமராவும் எடிட்டிங்கும் இன்று சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். சட்டம், பொருளாதாரம், கணக்கு வழக்கு, நல்ல தமிழ் இவை அப்படி வராது. தனியார் கல்லூரி விஸ்காமில் கட்டணம் கட்டுவதோடு செலவு நிற்பதும் இல்லை. கேமரா, லென்ஸ், லேப்டாப் என்று வளரும். ஆகவே அரசுக் கல்லூரியில் பொருளாதாரமோ வணிகவியலோ தமிழோ படியுங்கள். அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவற்றில் சேர முயலுங்கள். பட்டம் பெற்ற பிறகும் ஆசை குறையாவிட்டால், இதழியலில் ஒரு முதுநிலைப் பட்டயம் போதும். ஒளிப்பதிவோ ஒலிப்பதிவோதான் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தை முதலில் பார்க்கட்டும்.

ஆசை உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைகள் நடக்கின்றன. ஒன்றுக்குப் போய் முழுதாக உட்காருங்கள். வாசிக்கப்படும் வரவு செலவைக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவிளக்குக்கு எழுதிய தொகை பற்றிச் சந்தேகம் வந்தால் எழுந்து கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், கேளுங்கள். அன்று இரவுக்குள் 300 சொல்லில் எழுதி, கூட்டத்துக்கு வராத பக்கத்து வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுங்கள். இரண்டு கூட்டங்களுக்குப் பிறகும் மூன்றாவதற்குக் கால் தானாகப் போகிறது என்றால் தாராளமாக இந்தத் தொழிலுக்கு வாருங்கள். திரையில் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் வருகிறவர்களை நாங்கள் ஊக்குவிக்க மாட்டோம்.

சம்பளத்தைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது நியாயம். ஆரம்பச் சம்பளம் பல நேரம் லைனில் நிற்பவரின் சம்பளத்தைவிடக் குறைவு. செய்தித்தாள் ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுப் பரிந்துரை 2011-இல் அறிவிக்கப்பட்டது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அது ஒப்பந்த ஊழியருக்கும் பொருந்தும் என்று 2017-இல் அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கான்ட்ராக்ட் முறையின் வலி நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. வேலை நியமனக் கடிதத்தில் பதவி, சம்பளம், கால அளவு மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் பிள்ளையும் கையெழுத்துப் போடக் கூடாது.

ஊடக நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்துக்கென்று முழுநேர நிருபர்களை, முறையான சம்பளத்தில், இங்கிருந்தே எடுங்கள். பயிற்சிக் காலத்திலும் உதவித்தொகை கொடுங்கள். பஸ் காசுகூடத் தராத இடத்துக்கு எங்கள் மாணவர்களை அனுப்புவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.