முதுகுக்கு ஏற்ற நாற்காலி

காலையில் அலுவலகத்துக்கு நிமிர்ந்து போகிறார். மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார். குழந்தை ஓடி வந்தால் தூக்க முடியவில்லை. பல வீடுகளில் இதுதான் நிலை!

வலி போக நல்ல நாற்காலி வாங்கலாம் என்று கடைக்குப் போகிறார்கள். அங்கே விலையையும் பளபளப்பையும்தான் பார்க்கிறார்கள்.

செருப்பைக்கூடப் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். 8 மணி நேரம் உட்காரும் நாற்காலிக்கு அளவு வேண்டாமா?

எது நல்லது?

உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களும் தரையில் படிய வேண்டும். முழங்கால் மடிப்பில் நாற்காலியின் விளிம்பு அழுத்தக்கூடாது. நடுவே 2, 3 விரல் இடம் வேண்டும். இடுப்பின் வளைவைச் சாய்மானம் தாங்க வேண்டும். உயரத்தை ஏற்றி இறக்க முடிந்தால் மிகவும் நல்லது.

கையில் பணம் இல்லையா? துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைக்கலாம். கால் எட்டாவிட்டால் மணை போட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு நல்ல நாற்காலி ஆனாலும், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். கால் மரத்துப்போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முதலாளிகள் கவனிப்பார்களா?

கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு சட்டம் வந்தது. நின்றே வேலை செய்கிறவருக்கு இருக்கை வேண்டும். உட்கார்ந்தே வேலை செய்கிறவருக்கு அவர் உடம்புக்கு ஏற்ற இருக்கை வேண்டும். எல்லோருக்கும் ஒரே நாற்காலியை வாங்கிப் போடுவது சரியல்ல. உட்காருகிறவரையும் கேட்டு வாங்க வேண்டும்.

நாற்காலிக்காக முதுகு வளையக்கூடாது. முதுகுக்குத் தக்கபடி நாற்காலி இருக்க வேண்டும்!