கடைசி அறையும் முதற்கடமையும்

இஸ்லாமிய மார்க்கச் சட்ட நூல்களைப் பயில்வோர் ஒன்றைக் காணலாம். தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என விரியும் பாடங்களுக்கெல்லாம் முன்னதாக, அந்நூல்களுள் பெரும்பாலானவை தூய்மை பற்றிய பாடத்தோடு தொடங்குகின்றன. எந்த நீர் தூய்மை செய்யும், எது தூய்மையைக் கெடுக்கும், எவ்வாறு கழுவுதல் வேண்டும் என்பனவற்றைக் கற்ற பின்னரே மாணவன் தொழுகைப் பாடத்திற்குச் செல்கிறான். தூய்மைக்கு இறைநம்பிக்கையில் சரிபாதி இடமளித்த நபிமொழியை அறியாத முஸ்லிம் சிறுவன் இல்லை எனலாம்.

தமிழ் மரபும் இதற்குக் குறைந்ததன்று. வாய்மையின் சிறப்பை உணர்த்த வந்த வள்ளுவர், உடலைத் தூய்மை செய்யும் நீரையே அதற்கு ஒப்புமையாக எடுத்தாண்டார். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார், நீராடும் முறைகளை வகுத்ததோடு, வழியிலும் பயிர் நிலத்திலும் நீர்நிலையிலும் பிறர் தங்கும் நிழலிலும் கழித்தல் தகாது என்றும் விலக்கினார். இலக்கியம் பாடுவதற்குரிய பொருளன்று இது என அவர் ஒதுக்கிவிடவில்லை.

இத்தகைய இரு மரபுகளுக்கும் உரியவர்களாகிய நம் வீடுகளில் குளியலறை எந்நிலையில் இருக்கிறது? வரவேற்பறைக்குக் கண்ணாடி அலமாரி வாங்குகிறோம். பெருநாள் வந்தால் முன்சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். வீட்டின் கடைசியில் உள்ள அந்தச் சிற்றறையை மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிறோம். அதனைத் தூய்மையாக வைத்திருப்பது அதனைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருடைய கைவேலையும் ஆகும். அது தாய்க்கோ மனைவிக்கோ மருமகளுக்கோ மட்டும் உரியதன்று. கூலிக்கு வரும் ஒருவருக்கு மட்டும் உரியதுமன்று. இதனை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வைகறை

இக்கருத்தை நான் ஏடுகளிலிருந்து பெறவில்லை. எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒன்று பல மாதங்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் தேய்ந்துவிட்டது என்பதை வீட்டார் அனைவரும் அறிவோம், மாற்றியவர் எவருமில்லை. சொட்டிய நீர் தரையின் ஒரு மூலையை ஒருபோதும் உலரவிடவில்லை. ஈரம் உலராத இடத்தில் பாசி பிடிப்பது இயற்கை. ஒருநாள் சுபுஹுத் தொழுகைக்காக ஒளூச் செய்யச் சென்ற என் அத்தா அந்தப் பாசியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. எழுபது வயதைக் கடந்திருந்த அவரால் அதன்பின் தரையில் நெற்றி பதித்து ஸஜ்தா செய்ய இயலவில்லை. இறுதிவரை நாற்காலியில் அமர்ந்தே தொழுதார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “நேத்தே நான் தேச்சு விட்டிருக்கணும்.” மூட்டுவலியால் குனிய முடியாத அவர் தம்மையே குற்றவாளியாக்கிக் கொண்டார். வகுப்பறையில் தூய்மைக்கு நயம்பட உரை சொல்லும் நான் அருகில் நின்றிருந்தேன். உடல்வலிமை உள்ள ஆண்மக்கள் மூவர் அவ்வீட்டில் இருந்தோம். எங்களுள் ஒருவரும் அந்த அறையின் தரையை ஒருமுறையேனும் தேய்த்ததில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் வாஷரை மாற்றினேன். அது பத்து நிமிட வேலை.

உப்பும் கறையும்

நம் திருப்பூர் வட்டாரத்தில் இவ்வேலை பிற ஊர்களைவிடச் சற்றுக் கடினமானது என்பதையும் சொல்லவேண்டும். இங்கு ஒவ்வொரு வீட்டிலும் ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என இரண்டு உண்டு. பவானி ஆற்றுநீர் குழாய்வழி வந்த பின்னரும், குளிக்கவும் கழுவவும் பல வீடுகள் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியுள்ளன. பல்லாண்டுகள் சாயக்கழிவின் உப்பு நொய்யலிலும் நிலத்தடியிலும் கலந்தது. பாசனத்திற்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீரின் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆலைகளை மூட ஆணையிட்ட பின்னரே, கழிவுநீரை வெளிவிடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றியது.

உப்புநீர் சுவரிலும் தரையிலும் உலரும்போது கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் வெண்மையாகப் படிகின்றன. சோப்பும் இவ்வுப்புகளும் சேர்ந்தால் நீரில் கரையாத பிசுக்கு உண்டாகிறது. அழுக்கும் கிருமியும் அப்படிவத்தின்மேல் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே கறை படிந்தபின் போராடுவதைவிட, நீர் உலருமுன் துடைத்துவிடுவதே அறிவுடைமை. குளித்து முடித்தவர் ரப்பர் வைப்பரால் நீரைத் தள்ளிவிட்டு, ஒரு துணியால் சுவரையும் குழாயையும் துடைத்து, சன்னலைத் திறந்து வைத்தால் போதும். இரண்டு நிமிடமே ஆகும். நாடெங்கும் உள்ள பட்டறைகளில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும் பனியன் வேஸ்ட் நம் ஊரிலிருந்துதான் மூட்டை மூட்டையாகச் செல்கிறது. நம் குளியலறைச் சுவரைத் துடைக்க அதில் ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்?

இத்தகைய அன்றாடக் கவனம் இல்லாத வீடுகளில், பெருநாளுக்கு முதல்நாள் ஆசிட் புட்டி வந்து இறங்குகிறது. ஆசிட் உப்பைக் கரைக்கும். ஆனால் ஓடுகளின் இடையேயுள்ள சிமெண்டுப் பூச்சையும் சேர்த்து அரிக்கும். அரித்த இடத்தில் அழுக்கு முன்னினும் ஆழமாகச் சேரும். இலேசான படிவத்திற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்ப்பதே போதுமானது. சலவைக்கல் பதித்த தரைக்கு அதுவும் ஆகாது. இன்னொன்றை இளைஞர்கள் நினைவில் கொள்ளவேண்டும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தலாகாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மானியப் படை எதிரிகள்மேல் ஏவிய நச்சுவாயு அதுவே. கதவு சாத்திய சிற்றறையில் அதனை நாமே உண்டாக்கி நம் வீட்டுப் பெண்களைச் சுவாசிக்க விடலாமா?

குழாயின் மறுமுனை

சாயப்பட்டறைகள் நொய்யலைக் கெடுத்தன என்று நாம் பேசியதும் எழுதியதும் கொஞ்சமல்ல. ஆனால் நம் வீட்டுக் குளியலறைக் குழாயின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? கழிப்பறையில் வகைதொகையின்றி ஊற்றும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்கின்றன. நாம் வீசும் நாப்கினும் பாலிதீன் உறையும் துணித் துண்டும் சிதையாமல் அங்கேயே அடைகின்றன. தொட்டி விரைவில் நிறைகிறது, குழாய் அடைக்கிறது. அப்போதுதான் நாம் ஒரு மனிதரைத் தேடுகிறோம்.

மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சுவாயுக்கள் தங்கியிருக்கும். உள்ளே இறங்கியவர் மயங்கி விழ ஓரிரு மூச்சே போதும். அவரைக் காக்க இறங்கியவரும் மாண்ட செய்திகளை நாளேடுகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! பாதுகாப்பின்றி மனிதரைத் தொட்டியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. இவ்வாறு உயிரிழந்தோரின் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறதே தவிர, மரணம் நின்றபாடில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் உறிஞ்சு லாரியைக் கொண்டு தொட்டியைக் காலிசெய்வது வீட்டுக்காரரின் கடமை. நிரம்பி வழியும்வரை காத்திருந்து, குறைந்த கூலிக்கு ஓர் ஏழையை உள்ளே இறக்குவது பாவம்.

ஒரு கழிப்பறை, பல குடும்பங்கள்

சமுதாயப் பெரியோர்களிடம் பணிவுடன் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பனியன் கம்பெனிகளை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா போன்ற வடமாநிலங்களிலிருந்தும் வந்தோர் இவ்வூரின் லைன் வீடுகளில் வாழ்கின்றனர். வரிசையாகப் பத்து வீடுகள் இருக்கும். கோடியில் ஒன்றோ இரண்டோ கழிப்பறைகள் இருக்கும். காலை எட்டரை மணி ஷிப்டுக்குமுன் அதன் வாசலில் வாளியோடு நிற்கும் வரிசையை நாம் கண்டதில்லையா? தாழ்ப்பாள் உடைந்த கதவை உள்ளிருந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்த்ததுண்டா? இரவில் வெளியே செல்ல அஞ்சி, தாகத்தை அடக்கித் தண்ணீர் குடிக்காமலே உறங்கும் பெண்கள் உண்டு.

அந்த லைன் வீடுகளுள் சிலவற்றின் உரிமையாளர்கள் நம்மிடையேயும் இருக்கிறோம். மாதம் தவறாமல் வாடகை வாங்குகிறோம். தாழ்ப்பாளும் மின்விளக்கும் ஒழுகாத குழாயும் அந்த வாடகைக்குள் அடங்கியவை அல்லவா? குடியிருப்போர் முறைவைத்துக் கழுவவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் கழுவத்தக்க நிலையில் ஒரு கழிப்பறையை அமைத்துக் கொடுத்த பின்னரே அதனை நாம் எதிர்பார்க்க முடியும்.

யாருடைய கை?

1901-இல் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டிற்குச் சென்ற காந்தியடிகள், அங்கிருந்த கழிப்பிடங்களின் நாற்றத்தைக் கண்டு தொண்டர்களிடம் முறையிட்டார். அது தங்கள் வேலையன்று, துப்புரவாளர் வேலை என்றனர் அவர்கள். காந்தியடிகள் ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே கழுவினார். நாட்டு விடுதலையைப் பேசக் கூடியவர்கள் தங்கள் கழிப்பிடத்தைத் தொட மறுத்தது அவர் நெஞ்சில் தைத்தது.

அவருக்கும் பன்னூற்றாண்டுகள் முன்பு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டது. வீட்டாருக்கான வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழச் செல்வார்கள் என்பது அன்னையார் தந்த விடையின் சாரம். ஒளூச் செய்ய அவர்கள் பயன்படுத்திய நீர் ஒரு லிட்டருக்கும் குறைவான அளவே என்றும் நபிமொழி நூல்கள் கூறுகின்றன. நாமோ குழாயைத் திறந்துவிட்டு வாளி நீரை ஓடவிட்டு ஒளூச் செய்கிறோம். வீட்டுவேலை ஆணுக்கு இழுக்கென்றும் கருதுகிறோம். எதைப் பின்பற்றுகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குக் குளிக்கச் செல்கிறீர்கள். குளிக்குமுன் கால்மணி நேரம் அந்த அறையின் தரையையும் பீங்கானையும் உங்கள் கையால் தேய்த்துக் கழுவுங்கள். சொட்டும் குழாய் இருந்தால் அன்றே வாஷரை மாற்றுங்கள். பிற சமய மாணவர்கள் தத்தமக்கு உகந்த ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளலாம். விடுதியில் தங்கியிருப்போர் அறைக்கு அறை முறைவைத்துக் கொள்ளலாம். தன் கையால் கழுவியவன் கண்டதை அதில் வீசமாட்டான். அதனைக் கழுவ வருபவரை இழிவாகவும் நோக்கமாட்டான்.

அன்னை குனிந்து தேய்த்த தரையில் நின்று ஒளூச் செய்துவிட்டு, தூய்மை அடைந்தோம் என்று நாம் பள்ளிவாசலுக்குச் சென்ற காலம் போதும். இனியேனும் நம் கைகள் அந்தத் தரையைத் தொடட்டும்.