உப்பு மட்டுமா குற்றவாளி?

“சின்ன வயசுல பிரஷர்னா டென்ஷன்தான், உப்பைக் குறைச்சாப் போதும்” என்கிறீர்கள் ஐயா. உப்பைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் சிறுநீரகத் தமனி சுருங்கியிருந்தால்?

தேனி மாவட்டத்து ஜெயமங்கலம் வயல்காரர் அறிவார்: வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் கடைமடைக்காரர் இன்னும் தண்ணீர் திறக்கச் சொல்லிக் கத்துவார். ரத்த ஓட்டம் குறைந்த சிறுநீரகமும் ரெனின் என்ற நொதியைச் சுரந்து உடம்பெங்கும் அழுத்தத்தை ஏற்றிவிடும். அந்தத் தமனியை இறுக்கினாலே அழுத்தம் ஏறுவதை 1934-இல் கோல்ட்பிளாட் என்ற ஆய்வாளர் நாய்களில் சோதித்துக் காட்டிவிட்டார்.

இந்தத் தமனி சுருங்குவதற்கு முதியவர்களுக்குப் பெரும்பாலும் கொழுப்புப் படிவு காரணம். நம் நாட்டு இளையோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தக்கயாசு எனும் தமனி அழற்சி முக்கியக் காரணம். அதை டென்ஷன் என்று ஒதுக்கினால் சிறுநீரகமே சுருங்கிவிடலாம். இருபது வயதுப் பிள்ளைக்கு அழுத்தம் ஏறினால் உபதேசம் வேண்டாம், க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், இரண்டு கையிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.