சீல் குத்திய சீட்டு

கொடிக்கால் வேலைக்குப் போகும் அம்மா ஒருவர், வங்கியில் பணம் கட்டச் சலான் எழுதித் தரச் சொல்லி என் முன்னால் நின்றார். எழுதி முடித்ததும் மெல்லச் சொன்னார்: "பையனத் தனியா உட்கார வெக்கறாங்க சார். பள்ளிக்கூடத்துல போய்ச் சொன்னனுங்க. 'சரி போ, பாக்கறேன்'னாங்க. ரெண்டு மாசம் ஆச்சு."

எழுதிக் கொடுத்தீர்களா என்றேன்.

"வாசப்படியில நின்னு வாயில சொன்னதுதானுங்க."

நூறு ரூபாய் கட்டினாலும் சீல் குத்திய சீட்டு வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதவர் அவர். பெற்ற பிள்ளையின் மானத்தை மட்டும் ரசீது இல்லாமல் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார்.

குற்றம் அவருடையதல்ல. வாசலில் கைகட்டி நிற்கப் பழக்கியது சாதி. கூலி கொடுப்பவரும் பள்ளியில் அதிகாரம் செய்பவரும் உறவுக்காரர்களாக இருக்கும் ஊரில், வாயைத் திறப்பது வயிற்றுப்பாட்டு விஷயம்.

ஆனால் திறந்துதான் ஆகவேண்டும் தோழர்களே. 1995இல், நாமக்கல் பிரியாத நம் சேலம் மாவட்டத்தில், கட்டிநாயக்கன்பட்டிப் பள்ளியில் தண்ணீர் எடுத்துக் குடித்த தலித் சிறுமியை ஆசிரியர் அடித்ததில் அவளது ஒரு கண்ணின் பார்வை போனது. 2022இல் பெருந்துறை பக்கம் பாலக்கரை தொடக்கப்பள்ளியில் நம் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார். டெங்கு வந்து கிடந்த பையனிடம் தாய் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் போலீசுக்குப் போனார். தலைமை ஆசிரியை வன்கொடுமைச் சட்டத்தில் கைதானார்.

எப்படிக் கேட்பது? என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் பார்த்தார்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து வட்டாரக் கல்வி அலுவலர். அதற்கும் மேலே திங்கட்கிழமை கலெக்டர் மனுநாள். 14417க்கு போனும் செய்யலாம்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடியையும் மனவதையையும் தடை செய்கிறது. "டி.சி. கொடுத்துருவேன்" என்ற மிரட்டல் செல்லாது; எட்டாவது முடியும்வரை பிள்ளையை நீக்க முடியாது. அரசு, உதவிபெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். நம் பிள்ளைகளின் விகிதத்துக்கு நமக்கும் இடமுண்டு. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், நாற்காலியில் உட்கார்ந்து பேசுங்கள். சாதிக் கொடுமையானால் காவல் நிலையம். முன்விசாரணை வேண்டும் என்று சொல்லி வழக்குப் பதியாமல் இழுத்தடிக்க 2018ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தரவில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகல் கேட்டு வாங்குங்கள்.

படித்த தோழர்களுக்கு ஒன்று. அந்த அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். சேரியிலிருந்து பத்துப் பேராகப் போங்கள். மனுவை நீங்கள் எழுதுங்கள். பேச்சை அவர் பேசட்டும். தன் தாய் தலைநிமிர்ந்து கேட்டதைப் பார்த்த பிள்ளை, நாளை எந்த வாசலிலும் கைகட்டி நிற்காது.

அன்று சலானோடு ஒரு மனுவும் எழுதினேன். மறுவாரம் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே பள்ளிக்கூடத்துச் சீல் இருந்தது.